பச்சைப் பெயின்ட் அடித்த லேத்

5 ஜனவரி 2025, ஞாயிறு

மறைமலை நகரில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து இரும்பு கடைகிற பழைய லேத் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார் என் வீட்டுக்காரர் உச்சிமாகாளி. கிரேன் வைத்து இறக்கினார்கள். இனி கார் ஷெட்டில் அதுதான் குடியிருக்கும். கார் தெருவில் காயும். துரு, எலிப்புழுக்கை, கட்டிதட்டிய கிரீஸ். இதைப் பிரித்துச் சரிசெய்வதை வீடியோ எடுத்து யூட்யூபில் போடப் போகிறாராம்.

"ஏளா பிரியா, இந்த மாதிரி சேனலுக்கு எம்புட்டு கிராக்கி தெரியுமா?"

உச்சிமாகாளிக்கு ஒரகடத்தில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் வேலை. லாரி நம்பர் எழுதுவார். லேத்தில் ஒரு ஆணியைக்கூடக் கடைந்ததில்லை. நானோ டிப்ளமோ முடித்த நாளிலிருந்து கம்பெனியில் பாகங்களை அளந்து, இது தேறும் இது தேறாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்காத ஆளுக்கு நான் ஏன் வாய் திறக்க வேண்டும்?

12 ஜனவரி

முதல் நட்டைக் கழற்றினார். காமிரா கோணம் சரியில்லை என்று திரும்ப மாட்டினார். மறுபடி கழற்றினார். ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்பட்ட முகம் வேறு.

14 ஜனவரி

பொங்கல். புதுச் சட்டையெல்லாம் கிரீஸ். வேண்டுமென்றே பூசியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. ஓ.டி. முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கிரைண்டர் சத்தம் கேட்டது. லேத்துக்கு உயிரே அதன் பெட்தான் — இரும்பை வெட்டும் டூல் முன்னும் பின்னும் ஓடுகிற நீளமான இரும்புத் தடம். அதன்மேல் எமரிச் சக்கரத்தை வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறான் இவன்! பளபளவென்று வர வேண்டுமாம். அட மடையா, அது நேராக இருக்க வேண்டிய பொருள்டா. மினுக்குவதற்கு அது என்ன பித்தளைக் குத்துவிளக்கா? ஏற்கெனவே தேய்ந்து கிடந்தது, இப்போது அடிக்கு ஒரு பள்ளம்.

"எப்படி? கண்ணாடி கணக்கா இருக்கா?" என்றான்.

"இருக்கு" என்றேன்.

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். சொல்லியிருக்கலாமோ? எதற்கு? அதில் முகம் பார்த்துத் தலை சீவட்டும்.

23 பிப்ரவரி

பச்சைப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. வீடியோவுக்குக் கீழே ஏகப்பட்ட கமென்ட். 'அண்ணா வேற லெவல்.' 'தெய்வமே.' கல்யாண மண்டப வாசலில் தலையாட்டுகிற பிளாஸ்டிக் யானையைப் பார்த்தும் இந்தக் கூட்டம் இப்படித்தான் கைதட்டும்.

9 மார்ச்

ஓடுகிறது. ஒரு கம்பியைக் கடைந்து, காமிராவுக்கு முன்னால் குழந்தையைப் போல் ஏந்திக் காட்டினார். அவர் குளிக்கப் போனதும் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தேன். ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

16 மார்ச்

லேத்தை விற்கப்போகிறாராம். சுங்குவார்சத்திரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் செந்தாமரை என்ற அம்மாள் வீடியோ பார்த்துவிட்டு போன் செய்திருக்கிறார். அடுத்த வாரம் வந்து பார்க்கிறாராம். இவரோ அடுத்து எந்த மிஷினைப் பிரிக்கலாம் என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

23 மார்ச், ஞாயிறு

செந்தாமரை வந்தார். ஐம்பது வயதிருக்கும். விரல் இடுக்கெல்லாம் வார்னிஷ் கறை. மோட்டார் ஷாஃப்டுகளைக் கடைய வெளியே கொடுத்தால் இழுத்தடிக்கிறார்களாம், அதனால்தான் சொந்த லேத். பச்சைப் பெயின்டைத் தடவிப் பார்த்து, "சோக்கா கீது சார்" என்றார். இவர் பூரித்துப்போனார்.

அந்த அம்மாளின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதில் கடைந்த ஷாஃப்டில் பேரிங் ஒரு பக்கம் ஏறாது, மறுபக்கம் லொடலொடக்கும். ஊரெல்லாம் அந்த அம்மாளைத்தான் திட்டும்.

மேடுபள்ளத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜை எடுத்துக்கொண்டு வந்தேன். பெட்டின் மேல் வைத்துத் தள்ளினேன். முள் பித்துப் பிடித்த மாதிரி அலைந்தது.

"இதை வாங்காதீங்கம்மா. பெட் போச்சு" என்றேன்.

செந்தாமரை முள்ளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கிதான் உனுக்குத் தெரிஞ்சிதா?"

"இல்ல. முன்னாடியே தெரியும்."

"அந்த ஆளு தெரியாம பண்ணிக்கிறாரு. நீ இன்னாம்மா, எல்லாம் தெரிஞ்சும் பாத்துக்கினு இருந்துக்கிறே? வூட்டுக்குள்ளயே இப்டியா?"

கொடுத்த காபியைத் தொடாமல் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னதற்கு எனக்குத்தான் ஏச்சு. நல்ல நியாயம்! யார் கேட்டது அந்தம்மாவிடம்? என் வீட்டைப் பற்றி என்ன தெரியும் அவளுக்கு?

24 மார்ச்

இவர் ஷெட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். நான் டயல் கேஜைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

30 மார்ச், ஞாயிறு

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "வேற என்னல்லாம் தப்பு? ஒண்ணும் விடாம சொல்லு."

சொன்னேன். எமரி, பெயின்ட், மாற்றி மாட்டிய கியர் — அத்தனையையும் ருசித்து ருசித்துச் சொன்னேன். எதிர்த்துப் பேசுவார், அப்போது இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீ அப்பமே சொல்லிருக்கலாம்லா" என்றார்.

"நீங்க கேக்கல."

"கேக்கல, சரிதான். நீ சிரிப்பேன்னு பயந்தேன்."

சிரித்திருப்பேன்தானே?

27 ஏப்ரல்

பெட்டைக் கழற்றி அம்பத்தூரில் பெரிய மிஷினில் நேராக்கும் கிரைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். லோடு வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம்.

1 ஜூன், ஞாயிறு

நேரான பெட் வந்துவிட்டது. இப்போது அதன்மேல் டூலைச் சுமந்து ஓடும் வண்டியின் அடிப்பக்கம் அதோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். பெட்டில் நீல மை தடவி, வண்டியை அதன்மேல் தேய்த்து, மை பட்ட மேட்டை மட்டும் உளியால் துளித்துளியாகச் சுரண்டுவது. பிறகு மறுபடி மை. பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும் வேலை. காமிரா அலமாரியில் இருக்கிறது. இவர் சுரண்டுவது இன்னமும் மோசம்தான், அழுத்தம் ஒரே சீராக இல்லை. சொன்னேன். உளியை வேறு மாதிரிப் பிடித்தார்.

13 ஜூலை, ஞாயிறு

செந்தாமரைக்கு நான்தான் போன் செய்தேன். ஒரு ஷாஃப்டோடு வந்தார். இவர் கடைந்தார். இரண்டு முனையிலும் பேரிங் கச்சிதமாக ஏறி உட்கார்ந்தது. அப்போதும் அந்த அம்மாள் இவரைக் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. சரியா கீதா?"

"சரியா இருக்கும்மா."

"அப்போ விக்கறீங்களா?"

"விக்கல. வேலையைக் குடுங்க, செஞ்சு தாரோம்" என்றார் இவர்.

20 ஜூலை

சேனலில் கடைசியாக ஒரு வீடியோ போட்டிருக்கிறார். பெட்டில் எமரி வைத்ததையும் அதனால் ஆன கேட்டையும் ஒளிக்காமல் சொல்லி, யாரும் இப்படிச் செய்யாதீர்கள் என்று முடித்திருக்கிறார். 'தெய்வமே' என்ற கூட்டத்தைக் காணோம். எவனோ ஒருத்தன், 'லூசுப்பய, இவனுக்கெல்லாம் எதுக்கு லேத்' என்று எழுதியிருந்தான். அதற்கு ஏகப்பட்ட லைக்.

இவர் படித்துவிட்டுச் சும்மா ஷெட்டுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. அடுப்பைக்கூட நிறுத்திவிட்டு, அவனுக்கு பதில் எழுதி அனுப்பினேன்: 'தம்பி, நீ எதையாவது கெடுத்துட்டு, திரும்ப உட்கார்ந்து சரி பண்ணியிருக்கியா?'