குதித்து இறங்கப் பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை.

நெட்பாலில் பந்தைப் பிடித்தவர் ஓடக்கூடாது, பிடித்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இன்று எங்கள் அணியின் கவிதா எகிறிப் பிடித்தாள். முழங்காலை மடக்காமல் விறைப்பாகத் தரையிறங்கினாள். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. அவ்வளவு வலியிலும், "ஒன்னுமில்லீங்க, நீங்க ஆடுங்க" என்கிறாள்.

முழங்காலை மடக்கி இறங்கப் பழகிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று போன மாதமே கேப்டன் சுமதியக்காவிடம் சொன்னேன். "மைதானம் கிடைக்கறதே ஒரு மணி நேரந்தானுங்க. அதுல பத்து நிமிசம் குதிச்சுப் பழகறதுக்கே போயிட்டா எப்பங்க ஆடறது?" என்றார். நானும் "சரிங்க" என்று விட்டுவிட்டேன்.

இன்று அவள் அடிபட்டபோது ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கவிதாவைக் காரில் ஏற்றிவிட்டு சுமதியக்கா என்னிடம், "நீங்க அன்னைக்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

உடம்பெல்லாம் எரிந்தது. அதற்கும் என் வாயிலிருந்து வந்தது "சரிங்க"தான்.