பொடிசுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை. பஸ் ஓட்டி ஓட்டி உன் அப்பாவுக்கு ஒரு காது மந்தம், ஸ்பீக்கரைப் போட்டால்தான் பேச்சே, நம் வீட்டுச் சுவரோ அட்டை மாதிரி. அதனால் கண்ணாடிக் கடையில் சாப்பாட்டு நேரத்தில் லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மெஷினைத் திட்டு, என்னைத் திட்டாதே.

உன் தங்கச்சிக்குப் பதினைந்து வயசாகியும் நமக்கு அவள் பொடிசுதான். அந்தப் பொடிசு தலை வாராமல், தட்டில் போட்டதைத் தொடாமல், பள்ளிக்கூடம் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை நீ பார்க்கவில்லை. முதலில் நானும் சோம்பேறித்தனம் என்றுதான் கத்தினேன். மனநல டாக்டரம்மாவிடம் போனபோது என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளோடு தனியாகப் பேசினார்கள். "எனக்கு இருக்கணும்னே தோணல" என்று சொன்னாளாம். பெற்றவளிடம் சொல்லாததை முன்பின் தெரியாதவரிடம் சொல்லியிருக்கிறாள். வாரம் ஒரு தடவை வந்து பேச வேண்டும், கூடவே மாத்திரையும் என்றார்கள். ஆரம்பத்தில் சில பிள்ளைகளுக்குப் படபடப்பும் கெட்ட நினைப்பும் கூடலாம், தனியாக விடாதீர்கள், மாத்திரையை அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள் என்றும் சொன்னார்கள். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம் என்றால் நான் எங்கேடா போவேன்?

உன் அப்பா செய்த கூத்தைக் கேள். பிள்ளைக்குக் கொடுப்பதை முதலில் நான் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று லீவு நாளில் ஒன்றை எடுத்து முழுங்கிவிட்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "என் மூஞ்சி மாறுதா பாரு" என்று கேட்டு என் உயிரை எடுத்தார். ஒரு கொட்டாவி வந்ததோடு சரி. டாக்டரம்மாவுக்குக் கோபம், "இனிமே இப்படிப் பண்ணாதீங்க, இது ஆள் பார்த்து அளவு பார்த்துக் கொடுக்கறது" என்று நன்றாகத் திட்டினார்கள். பொடிசு அன்றைக்குத்தான் லேசாகச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நீ போன் செய்தாய். "சின்னப் புள்ளைய மருந்துக்கு அடிமையாக்கப் போறீங்களா, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா" என்று கத்தினாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கடையிலும் ஆளுக்கொரு கதை. முதலாளி தன் சொந்தக்காரப் பையன் இதைத் தின்று பொம்மை மாதிரி ஆகிவிட்டான் என்கிறார். லென்ஸ் தேய்ப்பவரோ தன் அக்கா மகள் இதனால்தான் எழுந்து உட்கார்ந்தாள் என்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஆனால் நீ கத்தினது அடுத்த அறையில் அவள் காதில் விழுந்துவிட்டது, அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மாத்திரை அட்டையை ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டு என் கைப்பையிலேயே கடைக்குக் கொண்டு போய்க் கொண்டு வருகிறேன். தினமும் என் கையால்தான் கொடுக்கிறேன், தண்ணீர் குடிப்பதையும் பார்க்கிறேன். போன வாரம் துவைக்க எடுத்த அவள் ஸ்வெட்டர் பாக்கெட்டில் கையை விட்டால், எச்சில் பட்டுக் காய்ந்த மாத்திரைகள். எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று என் புத்தி எங்கெங்கேயோ போனது, அதை எழுதக்கூடக் கை வரவில்லை. அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். "அண்ணன் வேண்டாங்கறாரு, நீ வேணுங்கற, யார் பேச்சைக் கேக்கறதுன்னு தெரியலம்மா. அதான் முழுங்கவும் இல்ல, தூக்கிப் போடவும் இல்ல" என்றாள். நாம் பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், பிள்ளை அதைப் பாக்கெட்டில் போட்டு வைத்திருந்தாள்.

அன்றைக்கே ஓடினோம். டாக்டரம்மா திட்டவில்லை. உனக்கு என்ன வேணும் என்று அவளையே கேட்டார்கள். இத்தனை நாளில் நம்மில் யாராவது அவளைக் கேட்டோமா? "ராத்திரி தூங்கணும், பழையபடி படிக்கணும், குடுங்க, சாப்பிட்டுப் பாக்கறேன்" என்றாளாம். மறுபடி முதலிலிருந்து, குறைந்த அளவில் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒத்துவருமா என்று தெரியவில்லை. ஒத்துவராவிட்டால் மெதுவாகக் குறைத்து நிறுத்துவார்களாம். உனக்குச் சந்தேகம் இருந்தால் பகலில் கடைக்குப் போன் செய்து என்னோடு சண்டை போடு, டாக்டரம்மாவையே கேள், கொண்டு போய் உட்கார வைக்கிறேன். அவளிடம் மட்டும் மாத்திரைப் பேச்சு எடுக்காதே. உன் சமையல் கருகின கதையைச் சொல்லு, அது போதும்.

இப்போதெல்லாம் அவள் குளிக்கப் போனால் என்னால் அடுப்படியில் நிற்க முடிவதில்லை. துண்டு மடிக்கிற சாக்கில் குளியலறைக் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. நேற்று அப்படித்தான் நின்றேன். நான் கூப்பிடவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை. எப்படித் தெரிந்ததோ, உள்ளே இருந்து அவளாகவே "இருக்கேம்மா" என்று குரல் கொடுத்தாள். துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்டா. இன்று காலையும் சொன்னாள்.

நீயும் அவளும் நூறு வயசுக்கு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட மறந்துவிடாதே.

உன் அம்மா