கழற்றி எடுத்த கதவு

மார்ச் 3
இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: எனக்கு மீசை முளைத்துவிட்டது. அது அழுக்கு என்று அக்கா கிளப்பிவிட்டிருக்கும் வதந்தியை யாரும் நம்ப வேண்டாம்.

இன்னொரு சில்லறைச் செய்தி. மலையடிவாரத்தில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு வருகிறதாம். "உள்ள இருக்கிறவரைக்கும் மாக்மா, வெளிய வந்தா லாவா" என்றார் பூகோள வாத்தியார். "வகுப்புக்கு வெளிய வந்தா அது நான்தானே சார்?" என்றேன். மீதி வகுப்பு முழுக்க லாவாவாக நின்றேன்.

மார்ச் 7
அது ஓடவில்லை, நடக்கிறது. மேலே கறுப்பு, உள்ளே சிவப்பு, கண்ணாடி நொறுங்குகிற சத்தம். நம் தெருவுக்கு வராது என்று அப்பாவிடம் பந்தயம் கட்டினேன். நான் வீட்டைப் பூட்டியதும் அவர் வழக்கம்போல, "இழுத்துப் பாத்தியா?"

மார்ச் 9
தெருமுனைத் தையல் கடை போயிற்று.

மார்ச் 10
சாமான்களை ஏற்றினோம். அப்பா ஜன்னல்களைக் கழற்றினார். பிறகு வாசல் கதவையும். "கதவு இல்லாட்டி அது நேரா உள்ள வந்துடுமேப்பா!" யாரும் சிரிக்கவில்லை.

அம்மா காலி வீட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"யாரும்மா வரப்போறா?"
"குப்பையா விட்டுட்டுப் போக மனசு வரலடா."
ஈரம் காயும்வரை எங்களை உள்ளே விடவில்லை.

மேட்டில் நின்று பார்த்தோம். கொய்யா மரம் பட்டென்று எரிந்தது. அப்புறம் கூரை.

நான் அழவில்லை. எழுதி வைக்கிறேன்: அழவில்லை.

மார்ச் 14
சித்தி வீட்டிலிருந்து பள்ளிக்கு. வீட்டுச் சாவியை லாவாவுக்குள் வீசி, "நீயே வச்சுக்கோ!" என்று கத்தினேன் என்றேன். வகுப்பே கைதட்டியது.

வாத்தியார் சொன்னார், நம் ஊர் மண்ணே எப்போதோ வந்த லாவாதானாம். பொடிந்து பொடிந்து மண்ணானதாம். இதுவும் ஆகுமாம்.
"எப்போ சார்?"
கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் புரிந்தது. "நீயும் நானும் பாக்க மாட்டோம்டா. உக்காரு."

மார்ச் 22
சாவியை நான் வீசவில்லை. அந்தச் சூட்டில் எவன் கிட்டே போவான்? பைக்குள்தான் கிடந்தது.

கதவைச் சித்தி வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சாவியைப் போட்டுத் திருகினேன். பூட்டின் நாக்கு வெளியே நீண்டது, எனக்குப் பழிப்புக் காட்டுகிற மாதிரி. திறந்தேன். மறுபடி பூட்டினேன்.

திரும்பினால் அப்பா.

செத்தேன், இனி ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுத்துப் பாத்தியா?"

நிலையும் இல்லை, சுவரும் இல்லை. இழுத்துப் பார்த்தேன்.

பத்தாம் தேதி எழுதியது பொய்யில்லை. அன்றைக்கு அழவில்லை.