சஹனுக்கு ஆறு பேர்

ஜெஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், கட்டாரில் நானும் கடையும் சுகம். மாமியின் முழங்கால் எப்படி?

நேற்று மகள் அம்ஹா போனில் அழுதாள். ஐம்பதை ஆறால் வகுத்து ஒன்பது என்று எழுதினாளாம். பாடம் சொல்ல வந்த உன் கூடப்பிறந்த காக்கா, "வியாபாரிட புள்ளைக்கு மூளை எங்க?" என்று கோடு போடும் அடிமட்டத்தால் அடித்தாராம்.

அந்த ஒன்பது நான் சொல்லிக்கொடுத்தது. கல்யாண வீட்டுக்கு ஐம்பது பேர் வந்தால், ஒரே தட்டில் கூடிச் சாப்பிட, சஹனுக்கு ஆறு பேராக இருத்த எத்தனை சஹன் வேணும் என்று கேட்டேன். எட்டுச் சஹன் நிறைந்து இரண்டு பேர் மிஞ்ச, "அவங்களும் சாப்பிடணுமே வாப்பா, ஒன்பது வைப்பம்" என்றாள். சரி என்றேன். பள்ளிக்கூடத்தில் எட்டு, மீதி இரண்டு என்று எழுத வேண்டும் என்று சொல்லாதது என் பிழை. அடிப்பதானால் என்னை அடிக்கட்டும்.

நாலாம் ஆண்டுப் பிள்ளையில் கை வைத்தவர் இனி என் வீட்டுக்குப் பாடம் சொல்ல வரக்கூடாது. நீ சொல்லாவிட்டால் நானே சொல்வேன். அது உனக்குத்தான் வெட்கம்.

இனி அஸர் தொழுகைக்குப் பிறகு நான் போனில் கணக்குப் பார்க்கிறேன். அவள் எழுதும் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பு. ஊரிலிருந்து யாரும் வந்தால் கொஞ்சம் மாசிக் கருவாடும் கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமைச் சோற்றுக்கு இங்கே என் சஹனில் நான் ஒருவன்தான்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது. வஸ்ஸலாம்.

றிபாய்டீன்