பிடிமண்ணோடு மேற்கே

வைகாசி 3, புதன்

வெயில். மைல்கல்லே எழுந்து புளியமரத்தடிக்குப் போய்விடும் போல.

கிணத்துக்கடவுத் தோட்டம் காலி. கிணற்றில் பாதாளம் வரை எட்டிப் பார்த்தாயிற்று, தண்ணீர் இல்லை. தங்கச்சி குடும்பம் மேற்கே, கேரள எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு குத்தகைத் தோப்புக்கு. லாரி வந்தது. காங்கேயம் காளைகள் உதைத்த உதையில் அதன் பின்கதவு கேரளாவில் போய் விழுந்திருக்கும். ஆகவே மூன்று மாட்டுவண்டிகள். படைத்தளபதி: மாமனாகிய அடியேன்.

வாங்க: அச்சுக்கு எண்ணெய், புண்ணாக்கு, எனக்கு முறுக்கு.

குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்தாயிற்று. போகிற இடத்தில் அதன்மேல் கல் நட்டால்தான் சாமி கூட வரும். குலத்துப் பிள்ளைதான் சுமக்க வேண்டும். தங்கச்சி புருஷன், மாப்பிள்ளை நாச்சிமுத்து, அந்த மண் போட்ட கலயத்தைத் தாரணி கையில் கொடுத்தார். கைக்குழந்தையாகத் தத்தெடுத்து வளர்த்த பெண், இப்போது பதினான்கு வயது. அவருடைய பங்காளி செல்லமுத்து கோயில் வாசலிலேயே காறித் துப்பினார்.

"எந்த ஊட்டுப் புள்ளையோ. அது கையில நம்ம சாமியா?"

தாரணி கலயத்தை இறுக்கிக்கொண்டாள். நான் அடித்த ஜோக்குக்கும் சிரிக்கவில்லை.

வைகாசி 4, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். வலது கை விரல்கள் வாழைப்பூ.

பொள்ளாச்சி தாண்டியதும் செல்லமுத்துவும் இரண்டு மகன்களும் காரைக் குறுக்கே நிறுத்தினார்கள். தடி, இரும்புக் கம்பி. நாற்பதாயிரம் பேர் என்று ஊரில் சொல்வேன். மூன்று பேர்தான். போதுமாக இருந்தது.

"கலயத்தக் குடுத்துப்போட்டு எங்க வேணாப் போ, தம்பி," என்றார் செல்லமுத்து மாப்பிள்ளையிடம்.

"என்ற புள்ளைகிட்ட இருக்குதுங்க. அங்கயே இருக்கட்டுங்க."

மண்டை உடையும்போதும் 'ங்க' போடும் சீமை எங்களுடையது.

முதல் கம்பி மாப்பிள்ளையின் தோளில். எலும்பு முறிந்த சத்தத்தில் காளைகள் மிரண்டு ஒரு வண்டி பள்ளத்தில். நான் சிங்கமாகப் பாய்ந்தேன். பாய்ந்த இடத்தில் செல்லமுத்துவின் தடி. தங்கச்சி சாட்டையால் பெரிய மகன் முகத்தைக் கிழித்தாள். சின்னவன் தாரணியை முடியைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான். கலயம் உடைந்தது. குப்புற விழுந்தவள் சிதறிய பிடிமண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். தாடையில் குத்தினான். மறுபடியும். உதடு கிழிந்தது. வாய் திறக்கவில்லை.

செல்லமுத்துதான் நிறுத்தினார்.

"உடுடா. எச்சப் பண்ணிப்போட்டா. இனி அது சாமி மண்ணில்ல."

போய்விட்டார்கள்.

மாப்பிள்ளை துண்டை விரித்தார். அவள் துப்பினாள். மண், ரத்தம், ஒரு பல். முடிந்து மடியில் வைத்துக்கொண்டார்.

வைகாசி 6, சனி

கொழிஞ்சாம்பாறை. தூறல். மாப்பிள்ளைக்கு மாவுக்கட்டு, தாரணிக்கு உதட்டில் தையல், எனக்கு ஊசி. பீரங்கி அளவு ஊசி.

வழியெல்லாம் மாப்பிள்ளை மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "வேற மண்ணெடுக்கப் போனா வெட்டிப்போடுவாங்கண்ணா," என்றாள் தங்கச்சி. எச்சில் பட்டதைச் சாமிக்கு வைக்கலாமா என்றும் கேட்டாள். தெரியாது என்றேன். வாழ்க்கையில் முதல்முறை.

காலையில் மாப்பிள்ளை ஒற்றைக் கையால் குழி தோண்டினார். துண்டை அவிழ்த்து அப்படியே கவிழ்த்தார். தாரணி வண்டிக்குப் பின்னால்.

"கல்லைப் புடிக்க வா, கண்ணு."

"வாயைக் கழுவீட்டு வரட்டுங்களாப்பா?"

"கல்லு கனக்குது. சீக்கிரம் வா."