புரட்டும் பெரட்டும்

நமுனுகுல
08.02.1978

அன்புள்ள ஜெஸீமா ராத்தாவுக்கு,

ஸலாம். நீங்கள் விட்டுப்போன வகுப்பில் எனக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. பிள்ளைகள் இன்னும் என்னை "ஜெஸீமா டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்த வெட்கமாக இருக்கிறது.

இராக்கம்மாவுக்கு "வாசிப்பு: மிக நன்று" என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறீர்கள். நேற்று குளத்துப் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் வாசித்தாள். புத்தகம் யானைப் பாடத்தில் திறந்திருந்தது. வேறு பக்கம் கொடுத்தேன். "கண்ணு கூசுது டீச்சர்" என்றாள்.

பன்னிரண்டு வயதில் இத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறாளே என்று கோபம் வந்தது. அவள் அப்பா அழகையாவுக்குச் சீட்டு எழுதினேன்: "உங்கள் மகளின் படிப்பு புரட்டு." அனுப்பியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

வீட்டில் முதல் பட்டதாரி என்று வாப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இந்தப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று நான் எங்கும் படிக்கவில்லை.

மர்லியா

பதுளை
13.02.1978

அன்புத் தங்கை மர்லியா,

அவள் ஏமாற்றவில்லை. எழுத்து அவள் கண்ணில் நிற்பதில்லை, அவ்வளவுதான். காதில் விழுந்தது ஒன்றும் மறக்காது. எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதே. ஒரு நாளைக்கு ஓர் எழுத்து போதும். வாயால் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதட்டும். ஒரு வரியைக் காட்டி மற்றதை அட்டையால் மூடு.

போன வருஷமே எனக்குத் தெரியும். ஒரு மாதம் மணலில் எழுதவைத்தேன், "ரா" வந்தது. பிறகு இடமாற்றத்துக்கு எழுதிப்போட்டேன். மாற்றம் கிடைக்க என் வகுப்பு நன்றாகப் படிப்பதாகத் தெரியவேண்டியிருந்தது. "மிக நன்று" என்று போட்டுவிட்டு வந்தேன்.

இது நம் இருவரோடு இருக்கட்டும்.

ஜெஸீமா

நமுனுகுல
16.02.1978

ராத்தா,

இராக்கம்மா நான்கு நாளாக வரவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அழகையா என் சீட்டை நீட்டினார்.

"நீங்கதானே டீச்சர் எழுதுனீங்க, பெரட்டுன்னு."

காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடம்தான் பெரட்டு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். என் "பு" அவருக்குப் "பெ" ஆகியிருக்கிறது.

"ஜெஸீமா டீச்சர் மிக நன்றுன்னு போட்டாங்க. படிச்சு முடிஞ்சிருச்சு, பெரட்டுக்கு அனுப்பச் சொல்றீங்கன்னு நெனச்சோம்."

திங்கட்கிழமை தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் அவள் பேரைப் பதிவார்களாம். பதிந்தால் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். சனிக்கிழமை வாருங்கள். அந்த "நன்று" பிழை என்று நீங்கள் சொன்னால் நம்புவார். எனக்குப் பேச வராது, உங்களுக்குத் தெரியும். இதைப் பதுளை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மர்லியா

நமுனுகுல
21.02.1978

ராத்தா,

சனிக்கிழமை கடைசி பஸ் வரை சந்தியில் நின்றேன். கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாகக் கண்டக்டர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். "அந்த நன்றும் பிழை, என் புரட்டும் பிழை. இராக்கம்மா பொய் சொல்லல்ல. எழுத்துத்தான் அவகிட்ட நிக்குதில்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அழகையா சீட்டைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "எனக்கும் நிக்காதுங்க டீச்சர். சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அப்ப நீங்களும் புரட்டா, அப்பா?" என்றாள் இராக்கம்மா.

நேற்று வகுப்புக்கு வந்தாள். மணலில் "பு" எழுதினாள். இன்று அது "மு" ஆகிவிட்டது. நாளைக்கு மறுபடியும் எழுதுவோம்.

ரிப்போர்ட்டில் உங்கள் "மிக நன்று" அப்படியே இருக்கிறது. அது உங்கள் கையெழுத்து, நான் வெட்டமாட்டேன். சிவப்புப் பேனை மேசையில் இருக்கிறது. பஸ் தினமும் ஓடுகிறது.

மர்லியா