பேட்டரிக்குப் பொறுப்பாளர்

கோல சிலாங்கூர்,
ஜூலை 1985

அன்புள்ள கலாவதிக்கு,

நீயும் சோமுவும் நலமாக இருப்பீர்கள். உன் அப்பாவின் இருமல் நின்றதா? நான் நலம், வலது கை மட்டும் சற்று வீங்கியிருக்கிறது. பயப்படாதே, கலைச்சேவையில் வந்த வீக்கம்.

எங்கள் இடைநிலைப்பள்ளிக்கு வாசு என்றொரு தற்காலிக ஆசிரியர் வந்திருக்கிறார். செரண்டா ஊர்க்காரர், இளைஞர். குளிர்பெட்டி வந்த அட்டையைத் தரையில் விரித்து, கேசட்டைப் போட்டு, மாணவர்களுக்கு பிரேக் டான்ஸ் கற்றுத்தருகிறார். என் சரித்திரப் பாடத்தில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்கள், அங்கே தலைகீழாக நின்றும் விழித்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமை இல்லை. அவருடைய சட்டையின் நிறத்தை மட்டுமே கண்டிக்கிறேன்.

மூத்தவன் என்ற மரியாதையில் தலைமையாசிரியர் என்னை அந்த வகுப்புக்கு மேற்பார்வையாளராக்கினார். மேற்பார்வை என்றால் கேசட் ரேடியோவின் பொத்தானை அழுத்துவது.

"சார், நீங்க பேட்டரிய மட்டும் பாத்துக்குங்க லா," என்றான் ஒரு மாணவன்.

வியாழக்கிழமை தலைமையாசிரியர் ஆட்டத்தைப் பார்க்க வந்தபோது அந்த பேட்டரி செத்தது. பிள்ளைகள் பாதி ஆட்டத்தில் திகைத்து நிற்க, நான் மேசையில் தாளம் தட்டினேன். அவர்கள் மறுபடி ஆடினார்கள். கை வலித்துச் சற்றுத் தளர்ந்ததும், "நிறுத்தாதீங்க சார்," என்று வகுப்பே கத்தியது. இத்தனை ஆண்டுகளில் என் பாடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. முடிந்ததும் தலைமையாசிரியர் வாசுவுடன் கைகுலுக்கினார்.

கோடாலித் தைலம் ஒரு புட்டி அனுப்பு. சோமுவும் அங்கே ஆடுகிறானாமே. அதைப் பற்றியாவது இந்த அப்பாவுக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

மணி அடித்துவிட்டது, வாசுவின் வகுப்பு. புது பேட்டரி வாங்குவதும் என் பொறுப்புதான். கடை பள்ளிக்கு எதிரிலேயே இருக்கிறது. இன்னும் வாங்கவில்லை.

உன்,
சிவானந்தம்